பாதி வேலை முடிந்த பிரவுன்ஸ்டோன்: ப்ரூக்ளினில் பல குடித்தன வீடு வாங்குமுன்

நியூயார்க் நகரின் ப்ரூக்ளினில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட், க்ரவுன் ஹைட்ஸ் பக்கம் விற்பனைக்கு வரும் பிரவுன்ஸ்டோன், அதாவது பழுப்புக் கல் முகப்புள்ள வரிசை வீடுகளில் ஒரு ரகம் உண்டு. மேல் இரண்டு தளங்களில் புதுச் சமையலறை, புதுக் குளியலறை, வெள்ளைச் சுவர், பளபளக்கும் ஓக் தரை. கீழே பழைய குடித்தனக்காரர் இருப்பார், இல்லாவிட்டால் சுவரைப் பிரித்தது பிரித்தபடி கிடக்கும். விலையோ முழுதாகப் புதுப்பித்த வீட்டுக்கும் கை வைக்காத வீட்டுக்கும் நடுவில் நிற்கும்.

ஏமாற்றம் அந்த நடு விலையில்தான் தொடங்குகிறது. 1870-களிலிருந்து 1900 வரை கட்டப்பட்ட இந்த வீடுகளில் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. கூரை, பின்சுவர், உத்திரம், சாக்கடை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் முடிந்த பிறகே பூச்சும் டைல்ஸும். பாதியில் நின்ற வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடந்திருக்கும். கண்ணில் படுவது முடிந்திருக்கும், படாதது அப்படியே இருக்கும். பிறகு பழைய கழிவுக் குழாயை மாற்றப் புது டைல்ஸை உடைக்க வேண்டிவரும். ஆகவே, முடிந்த வேலைக்கு நகரத்தின் ஒப்புதல் காகிதம் இருந்தால் மட்டும் அதற்கு விலை கொடுங்கள். காகிதம் இல்லாத வேலையை நடக்காத வேலையாகவே கணக்கில் எடுங்கள்.

முதலில் எண்ணுங்கள்

வீட்டு வாசலில் அழைப்பு மணி எத்தனை, தபால் பெட்டி எத்தனை, நிலவறையில் மின் மீட்டர் எத்தனை, எரிவாயு மீட்டர் எத்தனை, உள்ளே சமையலறை எத்தனை? பிறகு நகரக் கட்டடத் துறையின் இணையதளத்தில் அந்த முகவரியைத் தேடி, குடியிருப்புச் சான்றிதழ் எத்தனை குடித்தனங்களுக்கு என்று பாருங்கள். 1938-க்கு முன் கட்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வீடுகளுக்கு இந்தச் சான்றிதழ் இல்லாமலே இருக்கலாம். அது குற்றமில்லை. அப்போது கட்டடத் துறையிடமிருந்து 'ஆட்சேபணை இல்லை' கடிதம் வாங்கித் தரும்படி விற்பவரிடம் கேளுங்கள். வீட்டுவசதித் துறையான ஹெச்.பி.டி.யின் இணையதளத்தில் ஐ-கார்டு என்ற பழைய ஆய்வு அட்டையும் கிடைக்கலாம்.

எல்லா எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். சட்டப்படி இரண்டு குடித்தன வீட்டில் நான்கு மீட்டர் இருந்தால் இரண்டு குடித்தனங்கள் அனுமதியில்லாதவையாக இருக்கக்கூடும். அதன் விளைவு கடுமையானது. இரண்டு குடித்தன வீட்டை மூன்றாக்கி வாடகைக்கு விட்டு, சான்றிதழை மாற்றாமல் இருந்தால், வாடகை வராதபோது நீதிமன்றத்தில் கேட்டு வாங்கும் உரிமையே வீட்டுக்காரருக்கு இல்லை. விற்பவர் காட்டும் வருமானக் கணக்கில் அந்தக் குடித்தனத்தின் வாடகை இருந்தால் அடித்துவிடுங்கள்.

கீழ்த்தளத்தையும் அளந்து பாருங்கள். உயரத்தில் பாதியோ அதற்கு மேலோ தெருவோர மட்டத்துக்கு மேலே இருந்தால் அது பேஸ்மென்ட், வாழத் தகுதி பெற வாய்ப்புண்டு. பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருந்தால் அது செல்லார். அங்கே குளியலறையும் படுக்கையும் எவ்வளவு அழகாக அமைத்திருந்தாலும் அதைக் குடித்தனமாக எண்ணி விலை கொடுக்காதீர்கள்.

'எஸ்.ஆர்.ஓ.' என்று எங்காவது இருந்தால்

பொருளாதாரப் பெருமந்தக் காலத்திலும் இரண்டாம் உலகப் போரை ஒட்டியும் இந்த வட்டாரத்தின் பல வீடுகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. இதைத்தான் எஸ்.ஆர்.ஓ. என்பார்கள். அந்தப் பதிவு இன்றும் பல கட்டடங்களின் மேல் இருக்கிறது. சான்றிதழில் 'ரூமிங்' அல்லது 'கிளாஸ் பி' என்ற சொல் இருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். அப்படிப்பட்ட வீட்டைச் சாதாரணக் குடித்தனங்களாக மாற்றப் பெர்மிட் வேண்டுமென்றால், முன்பு இருந்தவர்களை யாரும் தொல்லை கொடுத்து விரட்டவில்லை என்ற சான்றை ஹெச்.பி.டி.யிடம் முதலில் பெற வேண்டும். அதிகாரிகள் பழைய குடியிருப்பவர்களைத் தேடிப் பேசுவார்கள். தொல்லை கொடுத்தது முந்தைய உரிமையாளர் என்றாலும் மறுப்பு கட்டடத்தின் மேல் விழும், பெர்மிட் சில ஆண்டுகள் தள்ளிப் போகும். இந்தச் சான்று கையில் இல்லாமலே மேல் தளங்களைப் புதுப்பித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை.

இன்னொரு எண் ஆறு. 1974 ஜனவரி 1-க்கு முன் கட்டப்பட்ட, ஆறு அல்லது அதற்கு மேல் குடித்தனங்கள் கொண்ட கட்டடங்கள் பொதுவாக வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் வரும். இன்று நான்கு குடித்தனம் இருக்கிறது என்பதால் தப்பித்ததாக அர்த்தமில்லை. முன்பு ஆறு இருந்து, சுவரை எடுத்து நான்காக்கியிருந்தால் கட்டுப்பாடு தொடரலாம். 2019 ஜூனில் வந்த மாநிலச் சட்டத்துக்குப் பிறகு, குடியிருப்பவர் காலி செய்ததும் வாடகையை ஏற்றிக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியேறும் பழைய வழி அடைபட்டுவிட்டது. சொந்த உபயோகத்துக்கு என்று கேட்டாலும் ஒரு குடித்தனம்தான் கிடைக்கும். முந்தைய உரிமையாளர் கூடுதலாக வாங்கிய வாடகைக்கு வாங்குபவரும் பொறுப்பாளி ஆகிறார், வேண்டுமென்றே செய்தது என்றால் மூன்று மடங்கு வரை திருப்பித் தர நேரிடும். வாடகை வரலாற்றை மாநில வீட்டுவசதித் துறையிடம் வாங்குபவர் நேரடியாகக் கேட்க முடியாது. உரிமையாளரோ குடியிருப்பவரோ கேட்க வேண்டும். விற்பவர் கேட்டு வாங்கித் தர மறுத்தால் அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட்டும் பத்திரமும்

கட்டடத் துறையில் இரண்டு இணையதளங்களைப் பார்க்க வேண்டும். பழைய பதிவுகள் பி.ஐ.எஸ். என்பதிலும் புதியவை டி.ஓ.பி. நவ் என்பதிலும் இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். திறந்தபடி கிடக்கும் பெர்மிட், வேலை நிறுத்த உத்தரவு, தீர்க்காத விதிமீறல் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெர்மிட் வாங்கியிருக்கிறார் என்பது போதாது. இறுதி ஆய்வு முடிந்து கையொப்பம் ஆகியிருக்கிறதா? குடித்தன எண்ணிக்கை மாறியிருந்தால் புதிய குடியிருப்புச் சான்றிதழும், மாறாவிட்டால் வேலை நிறைவுக் கடிதமும் இருக்க வேண்டும். பிளம்பிங், மின்சாரம் இரண்டுக்கும் தனித்தனியே ஒப்புதல் உண்டு.

திறந்த பெர்மிட்டோடு வாங்கினால் அதை மூடும் வேலை உங்களுடையது. பழைய ஆர்க்கிடெக்டும் பிளம்பரும் விலகிவிட்டால் புதியவர்கள் பொறுப்பேற்க வேண்டும். மூடிய சுவருக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். புது ஷீட்ராக்கை (ஜிப்சம் சுவர்ப் பலகை) அங்கங்கே வெட்டிக் காட்டச் சொல்வார்கள். சுவர் மூடுவதற்கு முன் எடுத்த படங்கள் விற்பவரிடம் இருந்தால் எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள், நிஜமாகவே பணம் மிச்சமாகும்.

வேலை பாதியில் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் பணம். கூலி கிடைக்காத கான்ட்ராக்டர் வீட்டின் மேல் உரிமைக் கோரிக்கை பதிவு செய்யலாம். ஒற்றைக் குடும்ப வீட்டுக்கு வேலை முடிந்து 4 மாதம் வரை அவகாசம், பல குடித்தன வீட்டுக்கு 8 மாதம். நீங்கள் வாங்கிய பிறகுகூட வரலாம் என்பதால், வேலை செய்த ஒவ்வொருவரிடமும் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கித் தரச் சொல்லுங்கள்.

நம் ஊரில் வில்லங்கச் சான்றில் தேடுவதை இங்கே ஏக்ரிஸ் என்ற நகர இணையதளத்தில் தேடலாம், இலவசம்தான். பத்திரம், அடமானம் எல்லாம் 1966 முதல் அங்கே இருக்கின்றன. வயதான ஒருவரிடமிருந்து அடிமாட்டு விலைக்கு ஒரு நிறுவனத்தின் பெயருக்கு மாறி, சில மாதத்தில் மறு விற்பனைக்கு வந்த வீடு என்றால் நின்று யோசியுங்கள். வங்கிகள் கடன் தர மறுத்த காலத்திலும் இந்தத் தெருக்களில் வீடு வாங்கிக் காப்பாற்றிய கறுப்பினக் குடும்பங்களிடமிருந்து பத்திரத்தை ஏமாற்றிப் பறித்த சம்பவங்கள் இங்கே ஏராளம். 2024-இல் நியூயார்க் மாநிலம் பத்திரத் திருட்டைத் தனிக் குற்றமாகவே ஆக்கியது. ஏமாற்றிய பத்திரத்தின் மேல் வாங்கிய வீடு உங்களிடம் நிலைக்காது, நிலைக்கவும் கூடாது. இறந்தவர் பெயரில் இருக்கும் வீடு என்றால் வாரிசுகள் எல்லோரும் யார், வாரிசு நீதிமன்றத்தில் யாருக்கு விற்கும் அதிகாரம் தரப்பட்டது என்பதை வக்கீல் உறுதி செய்ய வேண்டும். கடன் தரும் வங்கிக்கான உரிமைக் காப்பீடு (பத்திர உரிமையில் குறை வந்தால் ஈடு தருவது) வங்கியை மட்டுமே காக்கும். உங்களுக்கென்று தனிப் பாலிசி எடுங்கள்.

வீட்டைக் கீழிருந்து பாருங்கள்

தரகர் முன்படி ஏறி நுழையும் பிரதானத் தளமான பார்லர் தளத்திலிருந்து ஆரம்பிப்பார். நீங்கள் நிலவறையிலிருந்து ஆரம்பியுங்கள்.

தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயை, மீட்டருக்கு முன், நாணயத்தால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளியாய் மின்னி, மெத்தென்று சுரண்டுப்பட்டு, காந்தம் ஒட்டாவிட்டால் ஈயம். காந்தம் ஒட்டினால் இரும்பு. செம்பின் நிறம் தானே தெரியும். ஈயக் குழாயை நகரம் 1961-இல் தடை செய்தது, அதற்கு முந்தைய இணைப்புகள் பல இன்னும் தெருவுக்கடியில் இருக்கின்றன. பிரதானக் குழாய் வரை மாற்றும் செலவு உரிமையாளருடையது. சாக்கடையும் அப்படியே. தெரு நடுவே உள்ள பிரதானக் குழாய் வரை உங்கள் பொறுப்பு. காமிரா விட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேர் புகுந்திருக்கும், வார்ப்பிரும்பின் அடிப்பக்கம் அரித்திருக்கும், சில இடங்களில் குழாய் அமர்ந்து தண்ணீர் தேங்கும்.

பிறகு ஒரு சோதனை. ஒருவர் மேல் தளத்தில் எல்லாக் குழாய்களையும் திறந்து, கழிப்பறைகளை ஒரே நேரத்தில் ஃப்ளஷ் செய்யட்டும். இன்னொருவர் நிலவறையில் பத்து நிமிடம் நிற்கட்டும். சேரும் குழாயில் கசிவா, தரை வடிகாலில் தண்ணீர் எழும்புகிறதா, நடுத் தளத்துத் தொட்டியில் களக் களக் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். சத்தம் வந்தால் காற்றுக் குழாய் சரியாக இணைக்கப்படவில்லை. புதுக் குளியலறையைப் பழைய இடத்திலிருந்து தள்ளி வைத்திருந்தால் சரிவு கிடைத்திருக்குமா என்றும் கணக்குப் பாருங்கள். இரண்டு அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலச் சரிவு வேண்டும். எட்டடி நகர்த்தினால் இரண்டு அங்குல இறக்கம். அதற்கு உத்திரத்தைக் குடைந்திருப்பார்கள்.

அந்த உத்திரங்கள் 3×8 அல்லது 3×10 அங்குல மரம், சுமார் 16 அங்குல இடைவெளியில், ஒரு பொதுச் சுவரிலிருந்து மறு பொதுச் சுவருக்குப் போகும். முனைகள் செங்கலுக்குள் புதைந்திருக்கும், ஈரம் பட்டால் அங்கேதான் உளுக்கும். நிலவறையில் முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள், கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் மரம் போய்விட்டது. தளம் படிக்கட்டுப் பக்கம் சரிவது இந்த வீடுகளின் இயல்பு, படிக்கட்டுத் திறப்பைச் சுற்றிய இணைப்புகள்தான் பலவீனம். படிக்கட்டோரச் சுவரும் காலப்போக்கில் எடையைத் தாங்க ஆரம்பித்திருக்கும். திறந்த சமையலறைக்காக அதை எடுத்திருந்தால் மாற்று விட்டம் எங்கே, அதற்குப் பொறியாளர் வரைபடம் எங்கே என்று கேளுங்கள். பழைய பூச்சும் பழைய சரிவும் சேர்ந்திருந்தால் பயமில்லை. கதவு மூலைகளில் புது ஷீட்ராக் விரிந்திருந்தால் வீடு இப்போதும் அசைகிறது.

முன்சுவரும் பின்சுவரும் உத்திரத்துக்கு இணையாக ஓடுவதால் தளங்களோடு சரியாகப் பிணைக்கப்படாதவை. பின்சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளுவது அதனால்தான். கொல்லைப்புறத்தில் சுவரை ஒட்டிக் கண்ணை வைத்து மேல்நோக்கிப் பாருங்கள். மென்மையான பழைய செங்கலின் இடுக்கில் சிமென்ட் கலவை பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் முகம் உதிரும், சுண்ணாம்பு சேர்ந்த மென் கலவைதான் ஏற்றது. முன்பக்கப் பழுப்புக் கல் சில அங்குலப் போர்வை மட்டுமே. பல வீடுகளில் அதன் மேல் நிறமிட்ட சிமென்ட் பூச்சு இருக்கும். தட்டிப் பாருங்கள், பொள்ளலாகக் கேட்டால் பூச்சு கல்லை விட்டுவிட்டது.

கூரைக்குக் கட்டாயம் ஏறுங்கள். சரிவு பின்பக்கம் போகும். நடுவில் தண்ணீர் தேங்கிய வட்டம், அண்டை வீட்டோடு சேரும் இடத்தில் தார் மேல் தார், இரண்டு அடுக்குக்கு மேல் பழைய கூரை என்றால் முழுதாகப் பிரித்துப் போட வேண்டியதே.

மின்சாரத்தில் மீட்டர் புதிதா என்பதைவிட, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் எத்தனை ஆம்ப் என்பது முக்கியம். 60 ஆம்ப் இணைப்பில் மின் அடுப்பும் குளிர்சாதனமும் சேர்ந்து தாங்காது, 100 வேண்டும். எரிவாயு மூடப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். திரும்பத் திறக்க உரிமம் பெற்ற பிளம்பர், பெர்மிட், அழுத்தச் சோதனை, ஆய்வு எல்லாம் தேவை, மாதக்கணக்கில் ஆகும். குடித்தனங்களுக்கு நடுவே உள்ள உட்கூரையில் தீ தாங்கும் 5/8 அங்குல டைப் எக்ஸ் ஷீட்ராக் போட்டிருக்கிறார்களா என்பதைப் பிரித்துக் கிடக்கும் இடத்தில் பார்த்துவிடலாம்.

1960-க்கு முந்தைய வீடு என்பதால் ஈயப் பெயின்ட் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக் குடித்தனங்களுக்கு, எக்ஸ்-கதிரால் ஈயத்தைக் கண்டறியும் எக்ஸ்.ஆர்.எஃப். சோதனை அறிக்கையை 2025 ஆகஸ்டுக்குள் எடுத்திருக்க வேண்டும் என்பது நகர விதி. விற்பவரிடம் அறிக்கையைக் கேளுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வசிக்கும் வீட்டில் இது காகித விஷயமல்ல, பழைய பெயின்டை உரசிய தூசியே குழந்தையின் மூளையைக் கெடுக்கும்.

குடியிருப்பவர்கள்

வாடகை ஒப்பந்தம் உங்களையும் கட்டும். ஒவ்வொருவரிடமும் வாடகை எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வீட்டுக்காரர் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். 'காலியாக ஒப்படைக்கப்படும்' என்ற வரி வேண்டுமென்றால் எந்தக் குடித்தனம் என்று பெயரிட்டு ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கட்டுப்பாடு இல்லாத குடித்தனத்திலும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருப்பவருக்கு 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும். 30 நாளுக்கு மேல் வசித்தவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. 2024 ஏப்ரலில் வந்த 'நியாயக் காரணம்' சட்டம் பல வீடுகளில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுப்பதையும் கட்டுப்படுத்துகிறது. உரிமையாளரே வசிக்கும், பத்துக் குடித்தனத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு விலக்கு உண்டு. பணம் கொடுத்துக் காலி செய்யச் சொல்வதற்கும் விதி இருக்கிறது. வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டால் 180 நாள் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. முப்பது வருடம் அதே தெருவில் வாழ்ந்தவரை விரட்டினால்தான் உங்கள் கணக்கு நேராகும் என்றால் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம். அவர் கொடுக்கும் இன்றைய வாடகையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பணக் கணக்கு

நான்கு குடித்தனம் வரை வீட்டுக் கடன், ஐந்தானால் வணிகக் கடன். சமையலறை இல்லாமல் பிரித்துக் கிடக்கும் வீட்டுக்குச் சாதாரண வீட்டுக் கடன் கிடைப்பது கடினம். மத்திய அரசின் வீட்டுக் கடன் காப்பீட்டு அமைப்பான எஃப்.ஹெச்.ஏ.யின் 203(கே) கடனில் வாங்கும் விலையும் வேலைச் செலவும் ஒன்றாகச் சேரும். சிறிய வகை 75,000 டாலர் வரை, கட்டமைப்பு வேலைக்கு ஆகாது. உத்திரம், விட்டம் என்றால் பெரிய வகைதான், அதற்கு ஆலோசகர் ஒருவர் வேண்டும். மூன்று, நான்கு குடித்தன வீட்டுக்கு எஃப்.ஹெச்.ஏ. ஒரு தேர்வு வைக்கிறது. உங்கள் குடித்தனத்தையும் சேர்த்து எல்லாவற்றின் வாடகை மதிப்பில் 75 சதவீதம், அசல், வட்டி, வரி, காப்பீடு நான்கையும் தாங்க வேண்டும். மூன்று குடித்தனம், தலா 3,000 டாலர் என்றால் 9,000-இல் 6,750. மாதத் தவணை அதைத் தாண்டினால் கடன் இல்லை.

15 லட்சம் டாலர் வீட்டில் 12 லட்சம் கடன் என்று வையுங்கள். மூன்று குடித்தனம் வரையிலான வீட்டுக்கு அடமானப் பதிவு வரியில் உங்கள் பங்கு 1.925 சதவீதம், அதாவது 23,100 டாலர். 10 லட்சமோ அதற்கு மேலோ விலை என்பதால் மாளிகை வரி 1 சதவீதம், 15,000. வக்கீல், உரிமைக் காப்பீடு தனி. விற்பவரின் பழைய கடனை உங்கள் வங்கிக்கு மாற்றி எடுக்க முடிந்தால் பதிவு வரி குறையும், வக்கீலிடம் ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

சொத்து வரியில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கோடு இருக்கிறது. மூன்று வரை முதல் வகுப்பு, மதிப்பீடு ஆண்டுக்கு 6 சதவீதம், ஐந்தாண்டில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நான்கு முதல் பத்து வரை அந்த உச்சவரம்பு 8, 30. ஆனால் புதுப்பிப்பால் கூடும் மதிப்புக்கு வரம்பே கிடையாது. மீதி வேலையை முடித்தால் வரி ஏறும் என்று வைத்துக்கொண்டே தவணையைக் கணக்கிடுங்கள். வேலைச் செலவின் மதிப்பீட்டுக்கு மேல் 20 சதவீதம் கையிருப்பு வேண்டும், மூடிய சுவர் அதிகம் என்றால் 30.

பின்னால் ஒரு அறை நீட்டலாம் என்ற ஆசைக்கும் கணக்கு உண்டு. ஆர்6பி என்ற குடியிருப்பு மண்டலத்தில் பொதுவான தளப்பரப்பு விகிதம் 2.0, அதாவது எல்லாத் தளங்களும் சேர்ந்து மனைப் பரப்பின் இரு மடங்கு வரை. 20×100 அடி மனைக்கு 4,000 சதுர அடி. 20×45 அடியில் நான்கு தளம் இருந்தால் 3,600 ஏற்கெனவே போய்விட்டது. ஸ்டைவசன்ட் ஹைட்ஸ், பெட்ஃபோர்ட் போன்ற பாரம்பரிய வட்டாரங்களுக்குள் இருந்தால் முன்பக்க ஜன்னல், கதவு, படி எதை மாற்றினாலும் பாரம்பரியச் சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். விற்பவர் அனுமதியில்லாமல் போட்ட புது ஜன்னலுக்கான விதிமீறல் வீட்டோடு வரும்.

ஒப்பந்தம், அதன் பிறகு

நியூயார்க் வழக்கப்படி வீட்டு ஆய்வு ஒப்பந்தத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கையெழுத்தானதும் 10 சதவீதம் விற்பவரின் வக்கீலிடம் வைப்பாகப் போகும். 2024 மார்ச்சிலிருந்து ஒன்று முதல் நான்கு குடித்தன வீடு விற்பவர் நிலை அறிக்கை தர வேண்டும், 500 டாலர் கொடுத்து நழுவும் வழி போய்விட்டது. அறிக்கையில் 'தெரியாது' என்று நிரப்பிய இடங்களை எல்லாம் ஆய்வாளரிடம் காட்டுங்கள். திறந்த பெர்மிட்டை மூடித் தர விற்பவர் ஒப்புக்கொண்டால், முடியாத பட்சத்தில் மதிப்பிட்ட செலவின் ஒன்றரை மடங்கை வக்கீலிடம் பிடித்து வைக்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

சாவி கைக்கு வரும் நாளிலேயே காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். காலியாக அல்லது வேலை நடக்கும் நிலையில் இருக்கும் கட்டடத்தைச் சாதாரண வீட்டுப் பாலிசி பல சமயம் காக்காது, கட்டுமான காலப் பாலிசி தனியே எடுங்கள். மூன்று குடித்தனத்திலிருந்து ஹெச்.பி.டி.யில் பதிவு கட்டாயம், ஆண்டுதோறும் செப்டம்பர் 1-க்குள் புதுப்பிக்க வேண்டும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை வெளியே 55 டிகிரிக்குக் கீழே போனால் பகலில் உள்ளே 68 டிகிரி ஃபாரன்ஹீட்டும், வெளியே எப்படி இருந்தாலும் இரவில் 62 டிகிரியும் குடியிருப்பவருக்குக் கிடைக்க வேண்டும். ஆகவே கோடையில் வாங்கினால் முதல் வேலை பாய்லர், இரண்டாவது கூரை, மூன்றாவது தெரு வரையிலான சாக்கடை. சமையலறைக் கல்லின் நிறத்தை அடுத்த ஆண்டு தேர்ந்தெடுக்கலாம்.